குட்டிக்கு முன் கூடு: முயல் வளர்ப்போருக்கு ஒரு பாடம்

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதக் கடைசியில் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது ஒருவர் தையல் மெசினைச் சுமந்தார். இன்னொருவர் விதை வெங்காயப் பிடிகளைச் சுமந்தார். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கடகம் ஒன்றில் இரண்டு முயல்களை வைத்து, மேலே இன்னொரு கடகத்தைக் கவிழ்த்துக் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். சில கிழமைகளின் பின்னர் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த அக்குடும்பத்தை நாம் சந்தித்தோம். வகுப்பறை ஒன்றின் மூலையில், வாங்குக்குக் கீழே, முயல்கள் இருந்தன. அவற்றின் பக்கத்தில் ஒரு மட்டைப் பெட்டியில் ஏழு குட்டிகள்.

"இரண்டும் பொட்டை எண்டுதான் ஐயா தந்தவை. இப்ப பாருங்கோ" என்றார் தாய்.

அந்த வகுப்பறையில் பல குடும்பங்கள் இருந்தன. குட்டி பார்க்க வராத பிள்ளை இல்லை. பெட்டியைத் தூக்குவதும் குட்டிகளைக் கையில் எடுப்பதும் திருப்பி வைப்பதுமாக நாள் போனது. குழாய்க்கிணற்றில் வரிசை நின்று பிடிக்கும் தண்ணீரில் முயலுக்கு ஒரு சிரட்டைதான் மிஞ்சியது. நான்கு நாட்களில் ஐந்து குட்டிகள் இறந்தன. ஆண் முயலை எவரும் பிரித்து வைக்கவில்லை. எனவே ஒரு மாதத்தில் தாய் மறுபடியும் ஈன்றது. அந்தத் தடவை அது பிறந்தவற்றில் சிலவற்றைத் தானே கடித்துவிட்டது. சிறுமி அழுதாள். தாய்க்குக் கோபம் முயலில். எமக்கோ அந்த முயலில் குற்றம் காண முடியவில்லை.

அதன் பின்னர் எத்தனையோ இடம்பெயர்வுகள் நடந்துவிட்டன. 2009இல் போர் முடிந்தது. ஆயினும் தற்காலிகக் கொட்டில்களிலும், புதிதாகத் துப்புரவாக்கிய வளவுகளிலும், உறவினர் வீட்டுக் கோடிகளிலும் பிள்ளைகள் முயல் வளர்க்க ஆசைப்படுவதை நாம் காண்கிறோம். நல்ல ஆசைதான். எல்லாவற்றையும் இழந்து வந்த பிள்ளைக்குத் தன் கையால் தீன் கொடுத்துப் பார்த்துக்கொள்ள ஓர் உயிர் இருப்பது சிறிய விடயமல்ல. இறைச்சிக்காக வளர்ப்பது வேறு கணக்கு, வேறு பாடம். இங்கு நாம் கதைப்பது பிள்ளைகள் பெயர் வைத்து வளர்க்கும் முயல்களைப் பற்றியே.

முதலில் ஒரு கணக்கு

பெண் முயலுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். ஒரு ஈற்றில் நான்கு தொடக்கம் எட்டுக் குட்டிகள் வரை சாதாரணமாக ஈனும். மாட்டைப் போலவோ ஆட்டைப் போலவோ அதற்குக் குறித்த வேட்கை நாள் கிடையாது. ஆணுடன் சேர்ந்த பின்னரே முட்டை வெளிப்படும். ஆகவே ஏறக்குறைய எந்நாளிலும் அது சினைப்படக்கூடும். ஈன்ற அன்றே மறுபடியும் சினைப்படவும் முடியும். அந்தப் பாடசாலையில் நடந்தது இதுவே.

கடதாசியில் போட்டுப் பாருங்கள். ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் இருக்கின்றன. மாதம் ஒரு ஈற்று. ஈற்றுக்கு ஆறு குட்டிகள். ஆறு மாதத்தில் 36 குட்டிகள். முதல் ஈற்றில் மூன்று பெண் குட்டிகள் இருந்தால் அவை நான்கு, ஐந்து மாதத்திலேயே சினைப்படும் வயதை எட்டிவிடும். அவற்றின் குட்டிகள் 18ஐயும் கூட்டினால், இரண்டு முயல் 56 ஆகிவிடும். நடைமுறையில் அவ்வளவு பெருகாது என்பீர்கள். உண்மைதான். ஏனென்றால் அவற்றுள் பெரும்பகுதி பசியாலும் கழிச்சலாலும் எறும்பாலும் செத்துப்போகும். அந்தச் சாவை எண்ணிக்கையில் சேர்க்காமல் "முயல் தானாகக் கட்டுப்படும்" என்று சொல்வது எமக்குச் சரியாகப் படவில்லை.

மிஞ்சியவற்றைப் பற்றைக்குள் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. எமது பற்றைகளில் ஓடும் காட்டு முயல் வேறு இனம். வீட்டு முயல் வேறு இனம். இரண்டும் கலந்து குட்டி போடுவதில்லை. கூட்டில் வளர்ந்த முயலுக்கு நாயையும் மரநாயையும் கண்டு ஓடி ஒளிக்கத் தெரியாது. பெரும்பாலும் முதல் இரவுகளிலேயே அது முடிந்துவிடும். ஒருவேளை பிழைத்துப் பெருகினாலும் கேடுதான். 1859இல் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியாவில் தோமஸ் ஒஸ்ரின் என்ற காணிக்காரர் வேட்டைப் பொழுதுபோக்குக்காக இரண்டு டசினளவு முயல்களை அவிழ்த்துவிட்டார். அவை பெருகி, அந்நாட்டு விவசாயிகளின் மேய்ச்சல் நிலங்களையே தின்று தீர்த்தன. பிறகு வேலி கட்டியும் நோய்க்கிருமி பரப்பியும் அவர்கள் பட்ட பாடு பெரிது.

ஆணா, பெண்ணா?

பாடம் இங்கேதான் தொடங்க வேண்டும். "இரண்டும் பெண்" என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள், பார்த்து வாங்குங்கள். ஒருவர் கதிரையில் இருந்து முயலை மடியில் மல்லாத்திப் பிடிக்கவேண்டும். பின்பகுதியையும் முதுகையும் தாங்கிப் பிடிக்காவிட்டால் அது உதைக்கும். உதைக்கும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். மலவாயிலுக்கு முன்னாலுள்ள வாயிலை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தி விரித்தால், ஆணில் வட்டமான வாயிலும் சிறு குழாய் போல மேலெழும் பகுதியும் தெரியும். பெண்ணில் நீளவாக்கில் ஒரு பிளவு தெரியும். எட்டுக் கிழமைக்கு முன் அனுபவசாலிகளும் பிழைவிடுவர். வளர்ந்த ஆணுக்கு விதைகள் வெளியே தெரியும்.

காதில் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். சந்தையில் அப்படித் தூக்கிக் காட்டுவதைக் கண்டு பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்பகுதிக்குக் கீழே என்று தூக்கி, உடலோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு முயல் வளர்க்க விருப்பமென்றால் ஒரே ஈற்றுப் பெண்கள் இரண்டு நல்லது. ஆண்கள் இரண்டை ஒன்றாக விட்டால் வளர்ந்ததும் கடித்துக் குதறிக்கொள்ளும். ஆணும் பெண்ணுமென்றால் இரண்டு கூடு வேண்டும். இரண்டு கூடு கட்ட இடமோ மரமோ இல்லாத வீட்டில் சோடி வைத்திருக்க வேண்டாம் என்பதே எமது நிலைப்பாடு. மிருக வைத்தியர் சத்திரசிகிச்சை செய்து இனப்பெருக்கத்தை நிறுத்தலாம். ஆனால் முயலுக்கு அதைச் செய்பவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. எமது வாசகர்களிற் பலருக்குப் பிரித்து வைப்பதே கைக்கெட்டிய வழி.

கூடு

வளர்ந்த முயல் ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்பது ஆகக்குறைந்த அளவு. அதிலேயே நாள் முழுக்க அடைத்து வைக்காமல், பின்னேரத்தில் வேலியடைத்த ஓரிடத்தில் ஓடவிட வேண்டும். நிலத்திலிருந்து 3 அடி உயரத்தில் கூட்டை நிறுத்துங்கள். கால்கள் நான்கையும் பழைய ரின்களுக்குள் வைத்து, தண்ணீர் ஊற்றி, மேலே சிறிது கழிவு எண்ணெய் விடுங்கள். பிறந்த குட்டிகளைச் செவ்வெறும்பு ஒரே இரவில் கொன்றுவிடும் என்பதைப் பலர் பட்டுத்தான் அறிந்தார்கள்.

காசு செலவழிக்கத் தேவையில்லை. பனைமட்டையைச் சீவி, ஒரு விரல் இடைவெளி விட்டு அறைந்தால் நல்ல அடித்தளம் கிடைக்கும். புழுக்கையும் சலமும் கீழே விழும். கம்பி வலையை அடியில் போட்டால் பாதம் புண்படும். போடத்தான் வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் பலகைத் துண்டு வையுங்கள். பக்கங்களுக்குக் கம்பி வலை நல்லது. கீரியும் சாரைப் பாம்பும் நுழையாதபடி அதன் கண் சிறிதாக இருக்கட்டும். கீழே விழும் புழுக்கையை நேரே கத்தரி, மிளகாய்ப் பாத்திக்குப் போடலாம். ஆட்டெரு இல்லாமல் வந்திருக்கும் குடும்பத்துக்கு இதுவும் ஒரு வரவு.

கூரைக்குத் தகரமோ தறப்பாளோ மட்டும் போட்டால் முயல் வெந்துவிடும். முயலுக்கு வியர்ப்பதில்லை, காதுகளாலேதான் உடற் சூட்டை வெளியே விடுகிறது. 30 பாகை செல்சியசைத் தாண்டினாலே அதற்குக் கஷ்டம். கிடுகுக் கூரை, மர நிழல், மத்தியானத்தில் கூட்டின் மேலே ஈரச் சாக்கு இவை போதும். மூச்சு வாங்கிக்கொண்டு நீட்டிப் படுத்திருந்தால், தண்ணீர் நிரப்பிய போத்தல் ஒன்றை ஈரத் துணியால் சுற்றி அருகில் வையுங்கள். காதுகளை ஈரக் கையால் தடவுங்கள். வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தக் கூடாது.

தீனும் தண்ணீரும்

2 கிலோ எடையுள்ள முயல் நாளுக்கு அரைக் கிலோ அளவு பச்சைப் புல் தின்னும். அறுகு, கினிப்புல், வற்றாளைக் கொடி, காய்ந்த கச்சான் கொடி எல்லாம் நல்லவை. கரட் கொடுத்தால் போதுமென்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். படம் பார்த்த பழக்கம். கரட் கிழங்கு இனிப்புப் போல, ஒரு துண்டு போதும். பாணும் பிஸ்கற்றும் சோறும் வேண்டாம். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நார்த் தீனை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். புல்லை மழையில் நனைந்தபடி கொடுக்காமல் ஒரு நேரம் வாடவிட்டுக் கொடுங்கள். தீன் வகையைத் திடீரென மாற்றினால் வயிறு ஊதி இறந்துவிடும்.

தோட்டக்காரர் சிலவற்றில் கவனமாக இருக்க வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்லதான சீமைக்கிளுவை முயலுக்கு ஆகாது. இப்பிலிப்பில் இலையைக் கூடக் கொடுத்தால் மயிர் உதிரும். மரவள்ளி இலை, உருளைக்கிழங்கு இலை, தக்காளி இலை, வெங்காயத் தாள், அலரி, ஆமணக்கு, எருக்கலை எவையும் வேண்டாம். மருந்தடித்த மிளகாய்த் தோட்டத்து வரம்புப் புல்லை வெட்டவே கூடாது.

அதிகாலையில் முயல் தன் பின்பக்கத்தில் வாயை வைத்து மென்மையான ஒரு வகைக் கழிவைத் தின்பதைக் கண்டு அருவருத்து அடிப்பவர்கள் உண்டு. அது நோயல்ல. ஒரு தடவை செரித்ததை இரண்டாந் தடவை செரிக்கவைத்துச் சத்து எடுக்கும் ஏற்பாடு. விட்டுவிடுங்கள்.

தண்ணீர்தான் பெரிய விடயம். சாதாரண முயலுக்கு நாளுக்குக் கால் லீற்றர் வரை தேவை. குட்டிக்குப் பாலூட்டும் முயலுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். தண்ணீர்க் கானை எவ்வளவு தூரத்திலிருந்து யார் தூக்கி வருகிறார் என்று முதலில் யோசியுங்கள். சிரட்டையை முயல் தட்டிவிடும். பாரமான மண்சட்டி வையுங்கள்.

இணை சேர்ப்பதென்றால்

குட்டி வேண்டுமா என்று வீட்டில் எல்லோரும் இருந்து கதைத்து முடிவெடுங்கள். பிறக்கும் ஆறு குட்டிகளும் யாரிடம் போகப் போகின்றன? அவர்களிடம் கூடு உண்டா? எட்டுக் கிழமைக்கு ஆறு குட்டிகளுக்கும் தாய்க்கும் புல் வெட்டுவது யார்? இதற்கு விடை இல்லாவிட்டால் ஆணைத் தன் கூட்டிலேயே இருக்க விடுங்கள். செல்ல முயலுக்குக் குட்டி போடாததால் எந்தக் குறையும் வராது.

விடை இருந்தால், பெண்ணுக்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அண்ணன் தங்கை, தகப்பன் மகள் ஆகியவற்றைச் சேர்க்காதீர்கள். அயலூரிலிருந்து ஒரு நாளைக்கு ஆணைக் கேட்டு வாங்குவதில் வெட்கமில்லை. பல் கோணியவை, அடிக்கடி தும்மிச் சளி வடிப்பவை, காரணமின்றிக் கடிப்பவை ஆகியவற்றுக்கு இணை வேண்டாம். கோணல் பல் குட்டிக்கும் இறங்கும்.

காலத்தையும் பாருங்கள். கடுஞ்சூட்டில் ஆண் முயலின் விந்து கெட்டுச் சில கிழமைகளுக்குச் சினைப்படாது; சினைப்பட்டாலும் குட்டி வெக்கையில் சாகும். வட பகுதியில் மார்கழியில் இணை சேர்த்தால் தை, மாசியில் குட்டி வளரும். அப்போது மாரி பெய்து புல் நிறைந்திருக்கும், வெயிலும் ஏறியிராது. வருடத்துக்கு ஒரு ஈற்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் தாயின் உடம்பு தாங்காது.

எப்போதும் பெண்ணை ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோங்கள். பெண் தன் கூட்டுக்குள் வரும் ஆணைக் கடித்துத் துரத்தும். சேர்ந்ததும் ஆண் ஒரு பக்கமாகச் சரிந்து விழும். பயப்பட வேண்டாம், அது முடிந்ததன் அடையாளம். பெண்ணை உடனே திருப்பிக் கொண்டுவந்து திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். தை மாதம் 5ஆந் திகதி சேர்ந்தால், மாசி 5ஆந் திகதியளவில் ஈனும். மாசி முதலாந் திகதியே பெட்டி வைக்க வேண்டும்.

ஈனும் நாட்கள்

காட்டு முயலின் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ மயிரின்றி, கண் மூடி, சிவந்த விரல் போலப் பிறக்கும். அதன் முன்னோர் நிலத்தடி வளையில் ஈன்றவை. ஆகவே நாம் ஒரு வளையைச் செய்து கொடுக்க வேண்டும். ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமான பலகைப் பெட்டி போதும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை நல்லது. முன்பக்கம் அரை அடி உயரத்துக்கு வெட்டியிருக்க வேண்டும். தாய் தாண்டும், குட்டி வெளியே விழாது. அடியில் சில துளைகள். உள்ளே காய்ந்த வைக்கல். ஈனுவதற்குச் சற்று முன்னர் தாய் தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி மெத்தை போடும். அந்த மயிரைக் குப்பையென்று அள்ளி எறிந்துவிடாதீர்கள்.

அன்றிலிருந்து கூட்டுப் பக்கம் சத்தம் இருக்கக் கூடாது. சாக்கால் அரைவாசி மூடுங்கள். தண்ணீர் ஒரு கணமும் குறையக் கூடாது. தாய் குட்டியைத் தின்றது என்று நாம் கேள்விப்பட்டு விசாரித்த வீடுகளில் திரும்பத் திரும்பக் கண்டவை தண்ணீர் இல்லாமை, பயம், நாயின் மணம், பார்க்க வந்த கூட்டம் என்பவையே. முதலாம் ஈற்றில் அனுபவமில்லாத தாயும் சில வேளை அப்படிச் செய்யும்.

காலையில் ஒரு தடவை, ஒருவர் மட்டும், கை கழுவி, பெட்டி வைக்கலில் கையைத் தேய்த்துவிட்டு உள்ளே பாருங்கள். இறந்த குட்டியை எடுத்துவிடுங்கள். மற்றவற்றின் வயிறு உருண்டு இருந்தால் பால் குடித்திருக்கின்றன. தாய் பெட்டிக்குள் இருப்பதேயில்லை, குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று பலர் எம்மிடம் ஓடி வந்திருக்கிறார்கள். முயல் நாளுக்கு ஒரு தடவை, சில நிமிடமே பாலூட்டும். மற்ற நேரம் விலகியே இருக்கும். எதிரிக்கு இடத்தைக் காட்டாமலிருக்க அதன் வழி அது. இதை அறியாமல் குட்டியைப் பிரித்தெடுத்துப் பசுப்பால் பருக்கிய வீடுகளில் பிழைத்தவை மிகச் சிலவே.

பத்து, பன்னிரண்டு நாளில் கண் திறக்கும். மூன்றாம் கிழமையில் பெட்டிக்கு வெளியே வந்து புல் கொறிக்கும். எட்டுக் கிழமைவரை தாயோடு இருக்கட்டும். பத்துக் கிழமை ஆனதும் ஆணையும் பெண்ணையும் கட்டாயம் பிரியுங்கள்.

மருந்து பற்றி ஒரு எச்சரிக்கை

ஒரு வீட்டில் முயல் தும்மியது. பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சிய அமொக்சிசிலின் கப்சியூலில் பாதியைக் கரைத்து அதற்குப் பருக்கினார்கள். இரண்டாம் நாள் கழிச்சல். நான்காம் நாள் முயல் இல்லை. பெனிசிலின் வகை மருந்துகள் வாயால் போனால் முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து அதைக் கொன்றுவிடும். எம் வீட்டு மருந்து எதையும் கொடுக்க வேண்டாம். காதுக்குள் பொருக்குக் கட்டினால் அது உண்ணி வகைப் பூச்சி. தேங்காயெண்ணெய் சில துளி விட்டு இளகவைத்து, அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். தின்னாமலும் புழுக்கை போடாமலும் அரை நாள் இருந்தாலே அவசரம் என்று எண்ணுங்கள். பிள்ளையின் கையில் படர்தாமரை கண்டால் முயலின் தோலையும் பாருங்கள். முயலைத் தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது நாளாந்தப் பழக்கமாகட்டும்.

குட்டி கொடுக்கும்போது

தென்மராட்சியில் அந்தச் சிறுமியின் குட்டிகளுள் தப்பிய இரண்டையும் பக்கத்து வகுப்பறைப் பையன் ஒருவன் கேட்டு வாங்கிப்போனான். ஒன்று ஆண், ஒன்று பெண். ஒரே தாயின் பிள்ளைகள். சொல்லிக் கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை, எமக்கும்தான். சில மாதத்தில் அவனிடமும் ஒரு மட்டைப் பெட்டி இருந்தது.

இப்போது நாம் குட்டி கேட்பவர்களிடம் முதலில் கூட்டைக் காட்டச் சொல்கிறோம். கூடு இல்லாதவரிடம் "கட்டிவிட்டு வாருங்கோ, குட்டி இருக்கும்" என்கிறோம். திரும்பி வருபவர் குறைவு. வருபவரிடம் முயல் நல்லாயிருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஒரே இனமாகக் கொடுக்கிறோம். தின்று பழகிய புல்லில் ஒரு கட்டையும், பிறந்த திகதியும் தாய் தகப்பன் விபரமும் எழுதிய துண்டையும் சேர்த்து அனுப்புகிறோம். ஆணா பெண்ணா என்பதில் சந்தேகமிருந்தால் அந்தக் குட்டியைத் தனியாக வைத்து, பன்னிரண்டு கிழமை ஆனதும் மறுபடியும் மல்லாத்திப் பார்த்து, இரண்டாம் ஆளுக்கும் காட்டி, அதன் பின்னரே கொடுக்கிறோம்.